மகனுக்காக எழுதிய கடிதத்தில் மகளைப் பற்றி மூன்று வரி

கொங்குப் பகுதிச் சிறுநகர் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

கணவருக்குச் சொந்தமாகப் பத்துத் தறிகள். காலையில் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் வீடு. இரண்டு குழந்தைகள். கடிதம் கிட்டத்தட்ட முழுவதும் இளையவனைப் பற்றியது. கடந்த மே மாதம் எட்டு வயது முடிந்தது. தனியார் மெட்ரிக் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். "ஒரு இடத்தில் அஞ்சு நிமிஷம் உட்கார மாட்டான். மிஸ் கேள்வியை முடிக்கும் முன்னாடியே பதிலைக் கத்துவான். வரிசையில் நின்றால் முன்னாடி இருக்கிறவனைத் தள்ளுவான். இந்த வருஷம் மட்டும் நாலு டிபன் பாக்ஸ் தொலைச்சாச்சு. டைரியைத் திறந்தாலே சிவப்பு மைதான். போன மாதம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்துட்டு என் கையை உதறிட்டு ஓடினான். பைக்கில் வந்தவர் பிரேக் போட்டதால் பிழைச்சான்."

வகுப்பில் அவனுக்கு மட்டும் சுவரைப் பார்த்தபடி தனி பெஞ்ச் போட்டிருக்கிறார்கள். தாளாளர் கூப்பிட்டு, "டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, இல்லைன்னா நீங்களே டிசி வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் அப்பா கை நீட்டுகிறார். அடித்த பிறகு மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொள்கிறாராம். மாமியார் இனிப்பை நிறுத்தினார், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினார். "இவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், ஆம்பளப் பையன், போகப் போகச் சரியாயிடும்" என்பது அவர் பேச்சு. இந்தத் தாய் இணையத்தில் ஒரு பட்டியலைப் பார்த்து டிக் போட்டிருக்கிறார்; ஒன்பதுக்கு எட்டு. "ஏடிஎச்டி" என்ற சொல், அதாவது கவனக்குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த நிலை, அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. கணவர் ஒப்பவில்லை. "ரெண்டு மணி நேரம் அசையாம போனில் கேம் ஆடுறவனுக்கு எங்கே கவனக்குறைவு? எல்லாம் கொழுப்பு" என்கிறார். ஊரில் ஒரு மையம் மூளையை ஸ்கேன் செய்து கண்டுபிடித்து மூன்று மாதப் பயிற்சியில் சரிசெய்வதாகச் சொல்லி முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறது. மருந்துக்கடை வைத்திருக்கும் உறவினரோ, "அந்த மாத்திரை போதை மாத்திரை, பையனை வீணாக்கிடாதே" என்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. இது நோயா, குணமா? போன் கொடுத்த என் தவறா? மாத்திரை கொடுக்கலாமா? பள்ளி அவனை வெளியே அனுப்ப முடியுமா?

கடைசிப் பக்கத்தின் அடியில் இன்னும் மூன்று வரி இருக்கிறது. "மூத்தவள் ஏழாவது படிக்கிறாள். அவளால் ஒரு தொந்தரவும் இல்லை, இருக்கிற இடமே தெரியாது. அஞ்சாவது வரைக்கும் நல்லா படிச்சா, இப்போ மார்க் குறையுது, கொஞ்சம் மந்தம், எதைச் சொன்னாலும் மறந்துடுவா. இவனைச் சரிபண்ணிட்டு அப்புறம் அவளைப் பார்க்கணும்."

அன்புள்ள சகோதரி,

அந்த மூன்று வரிக்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அதுதான். ஆனால் நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தைப் படித்து எந்தக் குழந்தைக்கும் நான் பெயர் சூட்ட முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனை ஒரு குழந்தை மனநல மருத்துவர் பார்ப்பது அவசியம், அதுவும் சீக்கிரம். அவசரத்துக்குக் காரணம் டிசி மிரட்டல்கூட இல்லை, அந்த நாய்க்குட்டி. நினைத்தவுடன் கால் ஓடிவிடுகிற குழந்தைக்கு விபத்து அபாயம் மற்ற குழந்தைகளைவிட அதிகம். ரோட்டில் நடக்கும்போது இப்போதைக்கு அவன் மணிக்கட்டை நீங்கள் பிடியுங்கள். அவன் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டு வருவது போதாது.

நோயா, குணமா?

நீங்கள் டிக் போட்ட பட்டியல் பாதிதான். உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற 2013ஆம் ஆண்டு வரையறையில் இரண்டு பட்டியல்கள் உண்டு. கவனம் தொடர்பாக ஒன்பது அறிகுறிகள், அடங்காத இயக்கமும் அவசரமும் தொடர்பாக ஒன்பது. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு அறிகுறிகள் இருக்க வேண்டும். அது ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்க்கையையோ அது உண்மையிலேயே கெடுத்திருக்கவும் வேண்டும். வீட்டில் மட்டும் அடங்காத பையனுக்கு வீட்டில்தான் காரணம் தேட வேண்டும். ஒரே ஒரு மிஸ்ஸின் வகுப்பில் மட்டும் அடங்காதவனுக்கு அந்த வகுப்பில். உங்கள் மகனுக்கு இரண்டு இடத்திலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பிறந்த மாதத்தை எழுதியது நல்லதாயிற்று. மே மாதம் பிறந்து ஜூனில் வகுப்பு ஏறுகிறவன் அந்த வகுப்பிலேயே இளையவர்களில் ஒருவனாக இருக்கலாம். பக்கத்து பெஞ்ச் பையன் அவனைவிடப் பத்து மாதம் மூத்தவனாக இருக்கலாம். எட்டு வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வகுப்பிலேயே இளையவர்களான டிசம்பர் மாதப் பையன்களுக்கு ஏடிஎச்டி என்று பெயர் விழுந்தது ஜனவரி மாதப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகமாக இருந்தது. வயதுக்குரிய துறுதுறுப்பைச் சிலருக்கு நோயாகப் படித்துவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். ஆகவே மருத்துவரிடம் அவன் பிறந்த தேதியையும், வகுப்பில் அவன் சின்னவர்களில் ஒருவன் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எத்தனை பேருக்கு வருகிறது என்றால், உலக அளவில் நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. உங்கள் பக்கத்திலேயே, கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த 770 குழந்தைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் 11 சதவீதம் என்று வந்தது. எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். குறைந்த கணக்கை எடுத்தாலும் நாற்பது பேர் வகுப்பில் இரண்டு குழந்தைகள். உங்கள் பையனுடைய மிஸ்ஸுக்கு இவன் முதல் ஆளும் இல்லை, கடைசி ஆளும் இல்லை.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி சரி. இது குடும்பத்தில் ஓடுகிற விஷயம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்று சொல்கின்றன. உயரம் பெற்றோரிடமிருந்து வருவதற்குக் கிட்டத்தட்ட ஈடாக. 'இவங்கப்பனும் இப்படித்தான்' என்பது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். மீதிப் பாதியில்தான் சிக்கல். வயது ஏற ஏற ஓட்டமும் குதிப்பும் குறையும், உண்மை. மறதியும், தொடங்கியதை முடிக்க முடியாமையும், நேரம் கைநழுவுவதும் பலருக்குப் பெரியவர்களான பிறகும் கூடவே வருகின்றன. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மேற்புறணி முழுத் தடிமனை அடைவது மற்ற குழந்தைகளுக்கு ஏழரை வயதை ஒட்டி நடக்க, இந்தக் குழந்தைகளுக்குப் பத்தரை வயதை ஒட்டி நடந்தது. அதிகம் பின்தங்கியிருந்தது முன்பகுதி. பொறு, யோசி, பிறகு செய் என்று சொல்கிற இடம். எட்டு வயதுப் பையனிடம் எட்டு வயதுக்கான பொறுமையை நீங்கள் கேட்கிறீர்கள். அந்தப் பகுதியில் அவனுக்கு ஐந்து ஆறு வயதுதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டு பாருங்கள், பல விஷயம் புரியும்.

கணவருடைய கேள்வி நியாயமானது, அதை அலட்சியம் செய்யாதீர்கள். கேமில் அசையாமல் இருப்பவனுக்கு எப்படிக் கவனக்குறைவு? அந்தப் பெயரே ஆளைத் தவறாக வழிநடத்துகிறது. இந்தக் குழந்தைகளிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதும், வேண்டாதபோது நிறுத்துவதும்தான் முடிவதில்லை. கேம் இரண்டு வினாடிக்கு ஒரு முறை பரிசு கொடுக்கிறது, கவனத்தை அதுவே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆறாம் வாய்ப்பாடு அப்படி எதுவும் கொடுப்பதில்லை. தறி ஓட்டுகிறவருக்கு இப்படிச் சொன்னால் விளங்கும்: நூலும் நல்ல நூல், மோட்டாரும் நல்ல மோட்டார். நூல் அறுந்தால் தறியை நிறுத்துகிற கருவி மட்டும் தாமதமாக வேலை செய்கிறது. அதற்காகத் தறியை அடித்து யாரும் சரிசெய்வதில்லை.

போன் இதை உண்டாக்கவில்லை. நீங்கள் போனே கொடுக்காமல் வளர்த்திருந்தாலும் அவன் இப்படித்தான் இருந்திருப்பான். ஆனால் இரவில் போன் தூக்கத்தைத் திருடும், தூங்காத குழந்தைக்கு மறுநாள் எல்லாமே இரண்டு மடங்காகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் வேண்டாம் என்பது ஒன்றே போதும். இனிப்பும் காரணம் இல்லை. 1994இல் ஒரு சோதனை செய்தார்கள். பையனுக்குச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம் என்று தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம் பொய்யாகச் சொன்னார்கள். கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். அந்தத் தாய்மார்கள்தான் தங்கள் பிள்ளை அதிகம் ஆட்டம் போட்டதாக எழுதினார்கள். மாமியாரிடம் இதை வாதமாக எடுத்துப் போக வேண்டாம். தீபாவளிக்கு அவனுக்கும் ஒரு லட்டு கிடைத்தால் போதும்.

முப்பதாயிரம் ரூபாயைக் கொடுக்காதீர்கள். எந்த ஸ்கேனும், மூளை அலையைப் பதிவு செய்கிற எந்தக் கருவியும் இன்று ஏடிஎச்டியைக் கண்டுபிடித்துச் சொல்வதில்லை. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டு, குழந்தையோடு நேரம் செலவழித்துத்தான் கண்டுபிடிக்கிறோம். கூடவே கண், காது, ரத்தசோகை, தைராய்டு, தூக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். உரக்கக் குறட்டை விடுகிற குழந்தைக்கு மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து, தூக்கம் கெட்டு, பகலில் ஏடிஎச்டி போலவே தெரியலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பதில் சிரமம் இருக்கிறதா என்பதையும் தனியாகச் சோதிக்க வேண்டும். கற்றல் குறைபாடு இதோடு அடிக்கடி சேர்ந்தே வரும்.

அடி

இதில் மென்மையாகப் பேச எனக்கு வரவில்லை. காலையில் பள்ளியில் நடந்ததற்கு இரவு ஒன்பது மணிக்கு அடி விழுகிறது. எந்தக் குழந்தைக்கும் அது பாடமாகாது. செய்கைக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு நிமிடம் போனாலே தொடர்பு அறுந்துவிடுகிற இந்தக் குழந்தைக்குச் சுத்தமாக ஆகாது. அவனுக்குப் பதிவாவது 'அப்பா வந்தால் வலிக்கும்' என்பது மட்டும். அடித்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்காருகிற மனிதர் கொடூரர் அல்ல. தான் சிறு வயதில் வாங்கிய அடி அவருக்கு நினைவு வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரிடம் அவரும் வரட்டும். மகனின் அறிகுறிகளைக் கேட்கும்போதே, "டாக்டர், எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று குரல் உடைந்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அடிக்குப் பதில் என்ன என்று கேட்பீர்கள். சமையலறையிலிருந்து கத்தாதீர்கள், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். "சாக்ஸ் போடு." போட்ட பிறகு, "பையை எடு." மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் முதலாவதும் நடக்காது. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாக்கி, நடுவில் எழுந்து ஓட விடுங்கள். சரியாகச் செய்ததை அந்த நொடியிலேயே பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "நான் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாயே, நல்லா இருந்துச்சு." வெறும் 'குட் பாய்' அவனுக்கு எதையும் சொல்லித் தராது. சுவரில் ஒரு அட்டை ஒட்டி, காலையில் செய்ய வேண்டிய ஐந்து வேலையைப் படமாக வரைந்து, முடித்ததற்குப் புள்ளி போடுங்கள். அன்றைய புள்ளிக்கு அன்றே பரிசு. அப்பாவோடு பைக்கில் ஒரு சுற்று போதும். மாதக் கடைசியில் சைக்கிள் என்பதெல்லாம் இவனுக்கு எட்டாத தூரம். இரண்டு வாரத்தில் அட்டை சலித்துவிடும். அப்போது அட்டையை மாற்றுங்கள், பையனைத் திட்ட வேண்டாம்.

மாத்திரை

உறவினர் காதில் விழுந்தது எங்கிருந்து என்று தெரிகிறது. மெத்தில்பெனிடேட் என்ற மருந்து நம் நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. தவறாகப் பயன்படுத்த வாய்ப்புள்ள மருந்து என்பதால் அந்தக் கட்டுப்பாடு. அதே மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடும் குழந்தை போதைக்கு அடிமையாவதில்லை. 1944இல் முதலில் தயாரிக்கப்பட்ட மருந்து இது. பல தலைமுறைக் குழந்தைகள் சாப்பிட்டு வளர்ந்து பெரியவர்களாகியிருக்கிறார்கள்.

இது தூக்க மருந்தும் இல்லை. கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கும், சில மணி நேரத்தில் உடலை விட்டுப் போய்விடும். பசி குறையும், அதனால் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்து, மாலையில் மருந்து இறங்கியதும் வயிறாரச் சாப்பிட வைப்போம். சிலருக்குத் தலைவலி, வயிற்றுவலி, தூக்கம் தள்ளிப்போதல் இருக்கும். தொடங்கும் முன் இதய நோய் குடும்பத்தில் உண்டா என்று கேட்டு, ரத்த அழுத்தம், எடை, உயரம் குறித்துக்கொண்டு, பிறகும் விடாமல் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அட்டோமாக்செட்டின் என்று வேறு வகை மருந்தும் உண்டு. அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருந்து சாப்பிட்ட பிறகு பையன் பொம்மை மாதிரி சிரிப்பில்லாமல் உட்கார்ந்திருந்தால் 'அடங்கிவிட்டான்' என்று மகிழாதீர்கள். அளவு அதிகம் அல்லது மருந்து பொருந்தவில்லை; உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் மாத்திரை தேவையில்லை. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். உங்கள் மகன் வயதில், அறிகுறிகள் கடுமையாக இருந்தால், மருந்து மறுக்கக் கூடாத உதவி. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 579 குழந்தைகளிடம் நடந்து 1999இல் வெளியான பெரிய ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, பதினான்கு மாத முடிவில், நடத்தைப் பயிற்சி மட்டும் பெற்ற குழுவைவிட மைய அறிகுறிகளை நன்றாகக் குறைத்தது. வீட்டில் சண்டை, குழந்தையின் பதற்றம் போன்றவற்றில் மருந்தும் பயிற்சியும் சேர்ந்தது கூடுதல் பலன் தந்தது. ஆகவே மருந்தா பயிற்சியா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டாம். முதல் சந்திப்பிலேயே முடிவெடுக்கவும் வேண்டாம். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு, இரண்டாவது முறை போகும்போது முடிவு செய்யுங்கள்.

பள்ளி

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 16, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019இல் இந்தப் பிரிவைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வில் தவறியவர்களை நிறுத்தி வைக்க வழி செய்தார்கள். வெளியேற்றத் தடை அப்படியே இருக்கிறது. பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. சுவரைப் பார்த்த பெஞ்ச் இதற்குள்தான் வரும். ஒரு விதிவிலக்கு: சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் பள்ளி அந்த வகையா என்று பாருங்கள்.

தாளாளர் "நீங்களே டிசி வாங்கிக்கோங்க" என்றதைக் கவனியுங்கள். நீங்கள் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் அது வெளியேற்றம் ஆகாது, உங்கள் விருப்பம் ஆகிவிடும். அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "மருத்துவரிடம் காட்டப் போகிறோம், இரண்டு மாத அவகாசம் வேண்டும்" என்று எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் மசியாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம் இருக்கிறது, 14417 பள்ளிக்கல்வி உதவி எண் இருக்கிறது, குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கிறது.

ஆனால் சட்டப் பிரிவைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் நாளே போக வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற மிஸ்ஸும் திணறுகிறார். நாளை முதல் உங்கள் மகனோடு தினமும் ஐந்து மணி நேரம் இருக்கப்போவது அவர்தான். தாளாளரை விட்டுவிட்டு அவரிடம் போய், சின்னச் சின்னதாகக் கேளுங்கள். முதல் வரிசையில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி இடம். நோட்டைக் கொடுக்க, கரும்பலகை துடைக்க என்று எழுந்து நடக்கிற வேலைகள். டைரியில் சிவப்பு மைக்குப் பதில் தினமும் இரண்டே விஷயத்துக்கு ஆம் அல்லது இல்லை: இருக்கையில் இருந்தானா, கை தூக்கிப் பேசினானா. 'ஆம்' வந்தால் வீட்டில் அட்டையில் புள்ளி. பள்ளியும் வீடும் ஒரே கயிற்றைப் பிடித்தால்தான் அவனுக்கு வழி தெரியும்.

மருத்துவச் சான்றிதழில் என்ன எழுதுவது, யாரிடம் காட்டுவது என்பது உங்கள் உரிமை. மனநல விவரங்களை ரகசியமாக வைக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் துணையிருக்கிறது. பள்ளிக்குத் தேவையானதை மட்டும் எழுதித் தரச் சொல்லலாம். இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடு இருக்கிறது; ஏடிஎச்டி தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. சோதனையில் கற்றல் குறைபாடும் தெரிந்தால் அதற்கான சான்றிதழைக் கண்டிப்பாக வாங்குங்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குப் பிற்காலத்தில் அதுதான் கைகொடுக்கும்.

மகள்

பணி தொடங்கிய ஆண்டுகளில், தம்பியை அழைத்து வரும் குடும்பங்களோடு ஒரு அக்கா வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. தம்பி மேஜை மேல் ஏறிக்கொண்டிருப்பான், என் கண் அவன் மேல்தான் இருக்கும். அப்படி வந்தவர்களில் ஒருத்தி, கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஏகப்பட்ட அரியரோடு, தூக்கமில்லாமல், தானாகவே என்னிடம் வந்தாள். "அன்னைக்கு நானும் அந்த ரூமில்தான் இருந்தேன், டாக்டர்" என்றாள். அதற்குப் பிறகு எந்தக் குடும்பத்திலும் மற்றக் குழந்தையைப் பற்றிக் கேட்காமல் நான் விட்டதில்லை.

பெண் குழந்தைகளிடம் ஏடிஎச்டி பெரும்பாலும் ஓடாது, கத்தாது. ஜன்னலைப் பார்க்கும். மிஸ் பெயர் சொன்னதும் திடுக்கிடும். நோட்டின் பாதிப் பக்கம் அழகாக எழுதியிருக்கும், மீதி வெற்றாக இருக்கும். கணக்கின் வழி சரியாக இருந்து, கழித்தல் குறி கூட்டல் குறியாக மாறியிருக்கும். அவளால் யாருக்கும் தொந்தரவு இல்லாததால் யாரும் புகார் செய்வதில்லை. புகார் இல்லாததால் யாரும் மருத்துவரிடம் கூட்டிப் போவதில்லை. ஐந்தாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள் இப்போது இறங்குவதும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. அதுவரை ஒரே மிஸ், கொஞ்சம் பாடம். புத்திசாலிக் குழந்தை மனப்பாடத்தில் சமாளித்துவிடும். ஆறாம் வகுப்பிலிருந்து பாடத்துக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு, தனித் தேதி. சமாளித்த கை அங்கேதான் சோர்ந்துபோகும்.

அவசரப்பட்டு அவளுக்கும் அதே பெயரை வைத்துவிடாதீர்கள். மந்தமாக இருக்கிறாள் என்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம், ஒவ்வொன்றும் பார்க்கப்பட வேண்டியது. பேசிக்கொண்டிருக்கும்போதே சில வினாடி உறைந்து, கண் நிலைகுத்தி, பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்கிறாளா? கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த வினாடிகளில் திரும்பவில்லை என்றால் அது கனவு காண்பது இல்லை. ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். அதற்கு மூளை அலைப் பதிவு உண்மையிலேயே தேவைப்படும், நல்ல மருந்தும் உண்டு. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் ரத்தசோகை பார்க்க வேண்டும். தைராய்டும் கண்ணும் அப்படியே.

சோதனைச்சாலையில் தெரியாத இன்னொரு காரணமும் உண்டு. இரவு ஒன்பது மணிக்குத் தம்பி அடி வாங்கும்போது அவள் எங்கே இருக்கிறாள்? அடுத்த அறையில்தானே? அந்த வீட்டில் தன்னால் ஒரு சத்தமும் வரக்கூடாது என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தீர்மானித்திருக்கக்கூடும். 'இருக்கிற இடமே தெரியாது' என்று நீங்கள் பெருமையாகத்தான் எழுதினீர்கள். எனக்கு அது கவலையாகப் படுகிறது. பள்ளியிலோ வழியிலோ யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஒரு பெண் குழந்தையின் மார்க் திடீரென்று இறங்கினால் அந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது.

அவளோடு மட்டும் கடைக்கு நடந்து போங்கள். மார்க்கைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "கிளாஸில் உட்கார்ந்திருக்கும்போது மனசு எங்கெல்லாம் போகுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நடங்கள். பதிலுக்கு இரண்டு தெரு ஆகலாம். 'மந்தம்' என்ற சொல்லை வீட்டிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அந்தச் சொல்லை அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்கே போவது

கோவை, சேலம் போன்ற ஊர்களின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார். 2013இல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டம் பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கானது. கற்றல் குறைபாடும் ஏடிஎச்டியும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அதன் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு நேரில் போகும். உங்கள் பிள்ளைகள் தனியார் பள்ளியில் இருப்பதால் நீங்களே போய்க் கேட்க வேண்டும். முதலில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

போகும்போது இருவரின் நோட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள், நல்ல நோட்டாகத் தேர்ந்தெடுக்காமல் கையில் கிடைத்ததை. மகனின் டைரி, இருவரின் முந்தைய ரேங்க் கார்டுகள், இருவரைப் பற்றியும் வகுப்பாசிரியர் கைப்பட எழுதிய அரைப் பக்கம். உங்கள் மாமியாரையும் அழைத்துப் போக முடிந்தால் நல்லது. கணவரின் சின்ன வயதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

மகளுக்கு வேறொரு நாள் வாங்குங்கள். ஒரே நாளில் கூட்டிப் போனால் தம்பி அறையை நிரப்பிவிடுவான், அவள் மறுபடியும் மூலை நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.